பட்டறைக்குப் போகும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

ஷீட் ஃபிலிம் போட்டு எடுக்கும் பெரிய ஸ்டாண்ட் கேமராவைக் கற்றுக்கொள்ள வேண்டும், திருநெல்வேலியில் இருக்கும் நான் எந்தப் பயிற்சிப் பட்டறையில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். நான்கு பெயர்களை எழுதி அனுப்பினால் கேள்விக்குப் பதிலாகிவிடும், ஆனால் உனக்கு அது உதவாது. இந்தக் கலையில் பட்டறை இரண்டாவது படி என்பது என் உறுதியான எண்ணம். முதல் படியைத் தாமிரபரணிக் கரையிலேயே ஏறிவிட்டுப் போகிறவருக்குத்தான் அந்த இரண்டு மூன்று நாளில் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும்.

நம் கோயில்களின் மிகப் பழைய படங்களில் சிலவே இதற்குச் சாட்சி. சென்னை ராணுவத்தில் காப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப்பை 1856-ல் சென்னை அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. அந்த வேலைக்கு வரும்போதே அவர் பழகிய கை. 1854 கடைசியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைத் தன் விருப்பத்தில் எடுத்துப் பார்த்திருந்தார். அடுத்த ஆண்டு தூதுக்குழு ஒன்றுடன் பர்மா போய் எடுத்திருந்தார். அதன் பிறகுதான் ஸ்ரீரங்கமும் மதுரையும் புதுக்கோட்டையும் தஞ்சாவூரும். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக ஒட்டினார். ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவருக்கு இணையாக, அதே தூரத்தில், அதே உயரத்தில் நகர்த்தி நிறுத்தினால்தான் எழுத்து வரிசை ஒன்றோடொன்று சேரும். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். நீல ஒளியை அது அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், அதனால் வானம் வெறும் வெளுப்பாக விழும். அந்தக் குறையை அறிந்து நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். தன் காகிதம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த அறிவு வகுப்பில் கேட்டு வருவதல்ல, பல தாள்களைக் கெடுத்துப் பார்த்து வருவது.

அந்தத் தாள்களை நீ வீட்டிலேயே கெடுக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நகரும் இரண்டு அட்டைப்பெட்டி, உட்புறம் முழுக்கக் கறுப்பு, முன்னால் சுமார் 200 மி.மீ. குவியத் தூரமுள்ள உருப்பெருக்கி லென்ஸ், பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டிய கண்ணாடி: கேமரா தயார். தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தால் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ஃபிலிமுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரையே வெட்டிப் போடு. அதன் வேகம் ஏறத்தாழ ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொள். லென்ஸுக்கு முன்னால் 3 மி.மீ. துளையிட்ட அட்டையை வைத்தால் அது கிட்டத்தட்ட எஃப் 64. நல்ல வெயிலில் மூன்று வினாடி போதும், கையால் மூடியைத் திறந்து மூடிவிடலாம். அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. ஆகவே சிவப்பு பல்பு எரியும் குளியலறையில் டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ என்று மூன்று தட்டு வைத்து, உருவம் எழும்பி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம்.

அந்தப் பெட்டியோடு நம் பக்கத்து நிலத்தை எடுத்துப் பார். திசையன்விளைப் பக்கத்துத் தேரியின் செம்மண் கரியாக விழும். அம்பாசமுத்திரத்து வயலின் பச்சையும் நீ நினைத்ததைவிடக் கறுக்கும். தொலைவில் நீலம் பூத்து நிற்கும் பொதிகை மலை மூடாப்பில் கரைந்து காணாமலே போகும். அடுத்து நெல்லையப்பர் கோபுரத்துக்கு எதிரே ரத வீதியில் நின்று, உச்சி தெரிவதற்காகப் பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்துப் பார்: இரு பக்கக் கோடுகளும் மேலே சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கும். பெட்டியை நேராக நிறுத்தினால் கோடுகள் நிமிரும், ஆனால் உச்சி வெட்டுப்படும். லென்ஸை மட்டும் மேலே நகர்த்த முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது உனக்கே தோன்றும். பெரிய கேமராவில் லென்ஸ் பலகை ஏறி இறங்குவது அதற்காகத்தான். லென்ஸைச் சாய்க்கும் வசதிக்கும் இப்படி ஒரு தேவை இருக்கிறது. லென்ஸ் தளமும் ஃபிலிம் தளமும் காட்சியின் தளமும் ஒரே கோட்டில் சந்தித்தால் அந்தத் தளம் முழுவதும் கூர்மையாக விழும் என்பது விதி. ஷைம்ஃப்ளூக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி 1904-ல் பெற்ற காப்புரிமையில் இதை விளக்கினார். காலடி வரப்பிலிருந்து வயலின் கடைசிவரை துளையைச் சுருக்காமலே தெளிவாக எடுக்க முடிவது இதனால்தான். வயலில் நின்று தவித்தவர் இந்த விதியை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்.

குரு இல்லாமல் தொடங்கினால் தவறான பழக்கம் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பாட்டிலும் நடனத்திலும் அந்த அச்சம் சரி. இங்கே உன் பிழை மறுநாள் காலை நெகட்டிவில் கண்ணெதிரே கிடக்கும்: ஓரத்தில் ஒளிக்கசிவு, நடுவில் கைரேகை, மேலே டெவலப்பர் எட்டாத வெளுப்பு. ஒவ்வொன்றும் காரணத்தோடு வரும், திருத்திக்கொள்ளலாம். இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: சாய்ந்த கோபுரத்தைக் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாமே, பின் எதற்கு இந்தப் பாடு? உண்மைதான். செய்திக்கும் திருமணத்துக்கும் டிஜிட்டலே போதும், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கணினி எடுத்த படத்தை இழுத்து நிமிர்த்துகிறது. இந்தக் கேமராவிலோ எடுக்கும் முன்பே கோபுரத்தின் எந்தப் பகுதி, எந்தத் தளம், எவ்வளவு கூர்மை என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவெடுக்கும் பழக்கத்துக்காகவே கற்கத் தகும்.

இனி பட்டறைகள். குருகிராமில் 2019-ல் திறந்த மியூசியோ கேமரா, ஆதித்ய ஆர்யாவின் பழைய கேமராச் சேகரிப்பிலிருந்து உருவான அருங்காட்சியகம். பழைய முறைகளில் பயிற்சியும் நடத்தியிருக்கிறார்கள். கோவாவில் மாற்றுப் புகைப்பட முறைகளுக்கென்றே ஒரு மையம் உண்டு. சென்னையில் 2016-ல் தொடங்கிய போட்டோ பினாலேயைச் சார்ந்த பயிற்சிகளைக் கவனித்துவா. நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம்தான். நீலகிரியில் லவ்டேலில் உள்ள லைட் அண்ட் லைஃப் அகாடமி தொழில்முறைப் படிப்புக்கானது. நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே பணம் கட்டும் முன் எழுதிக் கேள். ஒரு கேமராவுக்கு எத்தனை பேர்? எனக்கென்று எத்தனை ஷீட்? இருட்டில் ஹோல்டரில் நானே ஏற்றுவேனா, நானே கழுவுவேனா? கெட்டுப்போன ஷீட்டை மறுநாள் மறுபடி எடுக்க நேரம் உண்டா? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்துக்குப் போகாதே. பயிற்றுநரின் சொந்தப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பெரும்பாலான ஷீட் ஃபிலிம் சிவப்பு வெளிச்சமும் ஆகாத முழு இருட்டில் கையாளப்படுவது. செங்குத்தாகப் பிடித்து, ஓரத்து வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலில் பட்டால் மருந்துப் பக்கம் உன்னை நோக்கியிருக்கிறது என்று அறிவதும், ஆறு ஷீட்டை ஒரே தட்டில் கீறாமல் மாற்றி மாற்றி அடுக்குவதும் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டினால்தான் சீக்கிரம் வரும். பட்டறைக்குப் போக வேண்டியது இதற்காகத்தான்.

செலவு பற்றி உன் வீட்டில் கவலைப்படுவது நியாயமே. டிரைப்பின் வேலையையே 1859-ல் ஆளுநர் டிரெவெல்யன் வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். ஆனால் மலிவான வழிகள் இருக்கின்றன. உலகெங்கும் பலர் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போட்டு எடுக்கிறார்கள். 8க்கு 10 அங்குல ஷீட் ஒன்றில் 4க்கு 5 நான்கு கிடைக்கும். பெரும்பாலான வகைகளைச் சிவப்பு விளக்கில் கழுவலாம், ஆனால் இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் லேசில் கீறும். பாளையங்கோட்டையில் மருத்துவப் பொருள் விற்பவர்களிடம் கேட்கும்போது ஈர முறையில் கழுவும் பழைய வகையைக் கேள். ஸ்கேன் சென்டர்களில் ஓடும் டிரை ஃபிலிம் இதற்கு ஆகாது. கேமராவுக்கும் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம், ஆலப்புழையில், கருணாகரன் என்பவர் 1940களிலிருந்து வாகீஸ்வரி என்ற பெயரில் தேக்கும் பித்தளையுமாகக் கேமரா செய்து இந்தியா முழுதும் விற்றார். நம் பக்கத்துப் பழைய ஸ்டுடியோக்களின் பரணில் ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்துப் பார், ஓட்டை இருந்தால் வெளிச்சப் புள்ளி காட்டிக்கொடுக்கும். ஸ்டுடியோக்காரர் வயதானவர் என்றால் கேமராவைவிட அவரைப் பிடித்துக்கொள். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த கைகளிடம் எந்தப் பட்டறையிலும் இல்லாத பாடம் உண்டு. ஒன்றை மறக்காதே: மருந்துகளின் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டது. சித்திரையில் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும்; படம் வேகமாகக் கறுத்து மேல்பூச்சும் இளகும். டெவலப்பர் தட்டைப் பெரிய ஐஸ் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்து, வெப்பமானி போட்டு வேலை செய்.

கோயிலுக்குள் தொடங்காதே. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை திருச்செந்தூர் வழக்கில் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை சொன்னது. முக்காலியோடு போக நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ஆற்றங்கரைக்குப் போ. 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தைக் காலை வெயிலில், கரையிலிருந்து, ஒரே இடத்தில் நின்று நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி எடு. முதல் பத்து நெகட்டிவையும், கெட்டதை ஒதுக்காமல், பின்பக்கம் தேதியும் வினாடியும் எழுதி எனக்கு அனுப்பு. அவற்றைப் பார்த்துவிட்டு எந்தப் பட்டறை என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் அண்ணன்