கீரைக் கறியும் தக்காளியும்

எமது சமையலில் கீரைக்கும் பயறு, பருப்புக்கும் குறைவில்லை. இவற்றில் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சிக்கொள்வதில்லை. அதற்குத் துணைபுரிவது உயிர்ச்சத்து 'சி'. 100 கிராம் தக்காளிப்பழத்தில் இது சுமார் 14 மில்லிகிராம் உண்டு. நெடுநேரம் கொதித்தால் குறைந்துவிடும். எனவே கீரை வெந்து இறக்கும் தறுவாயில் தக்காளியை வெட்டிப் போடுங்கள். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள்.

கந்தோரில் கடமையாற்றிய காலத்தில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பிளேன்ரீ குடித்தவன்தான் நானும். தேநீர் உணவிலுள்ள இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்பதே நன்று.

இரத்தச்சோகையால் பெரிதும் வாடுவோர் கர்ப்பிணித் தாய்மாரும் வளரும் பிள்ளைகளுமே. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தேநீருடன் விழுங்காதீர்கள்.