பஜார் கான் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் பஜார் கான் தண்ணீர் அப்படியே ஓடையில் விழுகிறது. கண்டியைப்போல இங்கும் சுத்திகரிப்பு நிலையம் வராதா?
– வாசகர், லுணுகலை

பதில்: வந்தாலும் கட்டுப்படியாகாது. கண்டியின் கழிவுநீரைக் குழாயில் சேர்த்துக் கன்னொறுவையில் சுத்திகரிக்க ஜப்பான் கடன் வேண்டியிருந்தது, அது மாநகரம். சின்ன ஊருக்கு இரண்டு அறைத் தொட்டி போதும். மண்டி அடியில் தங்கும். தெளிந்த நீர், சரளைக்கல்லில் நாணல் நட்ட பாத்தி வழியே மெல்ல ஊறிப்போகும். சரிவான ஊர், மோட்டார்கூட வேண்டாம். ஆனால் மண்டியைக் காலத்துக்குக் காலம் அள்ளவேண்டும். நாம் கோட்டைவிடுவது அங்கேதான்.

பஜாரோடு தோட்டத்து லயங்களையும் பாருங்கள். மேட்டு லயத்து மலக்குழி கீழ் லயத்துப் பீலிக்கு மேலே இருக்கிறதா? அதை முதலில் மாற்றுங்கள். ஓடையில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி., அதாவது அழுக்கு சிதைய இழுக்கும் ஒட்சிசன், லீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இலங்கையின் சட்ட வரம்பு. பஜார் கானைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதும்போது அந்த எண்ணையும் எழுதுங்கள்.