கியோட்டோவில் ஒரு நாள்: கோயிலும் கோயில் சாப்பாடும்

பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். பெற்றோருக்கு அறுபது தாண்டியதும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிங்கப்பூர், துபாய் போய் அலுத்தவர்கள் இப்போது ஜப்பானுக்குக் கிளம்புகிறார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்து, "டாக்டர், அங்கே எல்லாமே மீனாமே! நாங்கள் என்னத்தைச் சாப்பிடுவது?" என்று கவலையோடு கேட்கிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டோக்கியோவின் பெரிய கடைத்தெருக்களுக்கு இரண்டு நாள் போதும். ஒரு முழு நாளைக் கியோட்டோவுக்கு ஒதுக்குங்கள். நல்ல கைடு ஒருவரை வைத்துக்கொண்டு கோயில்களையும் கோயில் சாப்பாட்டையும் பாருங்கள். மீனும் இறைச்சியும் இல்லாமல், நம் பத்தியச் சாப்பாட்டுக்கு அண்ணன் தம்பி போல ஒரு சமையல் அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதற்கு 'ஷோஜின் ரியோரி' என்று பெயர். ஆனால் சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

காலையில் முதலில் கியோமிசு கோயில். பெயருக்கே 'தூய நீர்' என்றுதான் பொருள். 778-ல் தோன்றிய கோயில். இப்போது நாம் பார்க்கும் பிரதான மண்டபம் 1633-ல் கட்டியது. மலைச்சரிவில் சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்களை நிறுத்தி, ஆணி அடிக்காமல் மேடை போட்டிருக்கிறார்கள். காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள் என்பதால் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். கீழே ஓர் அருவியை மூன்று தாரையாகப் பிரித்து விட்டிருக்கிறார்கள். நீண்ட பிடி வைத்த அகப்பையில் பிடித்துக் குடிக்கிறார்கள். மூன்றில் ஒன்றைத்தான் குடிக்க வேண்டும், மூன்றையும் குடிப்பது பேராசை என்பது அங்கே வழக்கு. அகப்பைகளைக் கிருமிநாசினிக் கதிர் படும் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்... பக்தியும் சுகாதாரமும் சண்டை போடாமல் இருக்கின்றன!

படிக்கட்டு அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கஷ்டப்படுவார்கள். கைப்பிடியைப் பிடித்து, வலி குறைவான காலை முதலில் மேலே வைத்து ஏறுங்கள்; இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வையுங்கள். இதைக் கைடு சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் கென்னின்ஜி. 1202-ல் ஐசாய் என்ற துறவி நிறுவியது. ஸென் பௌத்தக் கோயில். 'ஸென்' என்ற சொல் வேறெதுவும் இல்லை, நம் 'தியானம்'தான்! சீனாவுக்குப் போய் 'சான்' ஆகி, ஜப்பானுக்குப் போய் 'ஸென்' ஆகிவிட்டது. கொண்டுபோனவராகச் சொல்லப்படும் போதிதர்மரைத் தென்னிந்திய அரச குமாரர் என்று சீன நூல்கள் சொல்கின்றன. காஞ்சிபுரத்தவர் என்பது நம் ஊர் மரபு. ஜப்பானியர் அவரை 'தருமா' என்று அழைத்து, சிவப்பு பொம்மையாகச் செய்து கடைகளில் வைத்திருக்கிறார்கள். (மண்டபத்தின் விதானத்தில் 2002-ல் வரைந்த இரட்டை டிராகன் ஓவியம் இருக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் நின்றுகொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்க்காதீர்கள். தலை சுற்றும்.)

இந்த ஐசாய் என் போன்ற வைத்தியர்களுக்கு ரொம்பப் பிடித்தமான மனிதர். 1191-ல் சீனாவிலிருந்து தேயிலை விதையோடு திரும்பியவர். தேநீரைப் பற்றி 'கிஸ்ஸா யோஜோகி' என்று ஒரு நூலே எழுதினார். 1214-ல் ஷோகன் சனெதோமோ மது அருந்தியதன் மறுநாள் அவஸ்தைப்பட்டபோது, தேநீரையும் இந்த நூலையும் கொடுத்தாராம். அதில் அவர் வைக்கும் வாதத்தைக் கேளுங்கள். கல்லீரலுக்குப் புளிப்பு, நுரையீரலுக்குக் காரம், இதயத்துக்குக் கசப்பு, மண்ணீரலுக்கு இனிப்பு, சிறுநீரகத்துக்கு உப்பு என்று உறுப்புக்கொரு சுவை உண்டு. நம் மக்கள் மற்ற நான்கையும் சாப்பிடுகிறார்கள், கசப்பை மட்டும் ஒதுக்குகிறார்கள். அதனால் இதயம் கெடுகிறது. ஆகவே தேநீர் குடியுங்கள் என்கிறார்!

இதயம் அப்படித்தான் கெடுகிறது என்று இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்ளாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கசப்பை ஒதுக்குகிறார்கள் என்ற கவலை இருக்கிறதே, அது நம் வீட்டுக் கவலைதானே? பாகற்காயையும் சுண்டைக்காயையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகள் எந்த வீட்டில் இல்லை?

கியோட்டோவில் பல இடங்களில் மாச்சா என்ற பச்சைத் தேயிலைத்தூளைக் கலக்கித் தருவார்கள். வடிகட்டிய தேநீர் இல்லை இது. சுமார் 2 கிராம் இலைத்தூளை அப்படியே குடிக்கிறீர்கள். காஃபீன் கணிசமாக உண்டு. மாலை 4 மணிக்கு மேல் குடித்தால் ராத்திரி ஹோட்டல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பிட்ட கையோடு குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுக்கும், ஒரு மணி நேரமாவது போகட்டும். கூடவே ஓர் இனிப்பு வரும். பயறு விழுதும் சர்க்கரையும்தான். சுகர் உள்ளவர்கள் பாதியோடு நிறுத்துங்கள்.

சமையல்காரர் என்றால் சும்மாவா?

மதியச் சாப்பாட்டுக்கு நான்ஸென்ஜி பக்கம் போகலாம். 1291-ல் கமெயாமா பேரரசர் தன் அரண்மனையையே கொடுத்து அமைத்த கோயில். சுற்றிலும் 'யுதோஃபு' கடைகள். கொம்பு என்ற கடற்பாசியைப் போட்ட வெந்நீரில் டோஃபுவை மெதுவாகச் சூடாக்கி, சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுவது. அவ்வளவுதான் சமையல்! முதல் வாயில், "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தோன்றும். மூன்றாவது வாயில் சோயாவின் மணமும் அடியில் ஒரு மெல்லிய இனிப்பும் தெரியவரும். அவசரப்படாதீர்கள்.

முழு ஷோஜின் விருந்தே வேண்டும் என்றால் ஊரின் மேற்கே தென்ரியூஜி கோயிலுக்குள்ளேயே பரிமாறுகிறார்கள்; முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் ஒரே நாளில் அதையும் திணித்தால் பாதி நேரம் வண்டியில் போய்விடும்.

இந்தச் சமையலில் வெங்காயம், பூண்டு வகைகளும் கிடையாது. எள்ளை விழுதாக அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய 'கோமா டோஃபு', சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஏடான 'யுபா', கோதுமைப் புரதத்தில் செய்த 'ஃபு', வேகவைத்த காய்கள், ஊறுகாய், சோறு, சூப். எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். பச்சையாக ஒன்று, வேகவைத்தது ஒன்று, சுட்டது ஒன்று, பொரித்தது ஒன்று, ஆவியில் அவித்தது ஒன்று என்று பக்குவம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இலக்கணம் எழுதியவர்களில் முக்கியமானவர் டோகென் (1200–1253). 1237-ல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதில் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். 1223-ல் சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஒரு துறவி காளான் வாங்க வந்தாராம். தன் மடத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்தே வந்தவர். அங்கே அவர் சமையல் பொறுப்பாளர். மறுநாள் மடத்தில் விசேஷச் சாப்பாடு. "ராத்திரி தங்கிப் போங்களேன், சமையலை வேறு யாராவது பார்க்க மாட்டார்களா? இந்த வயதில் தியானம், படிப்பு என்று இல்லாமல் அடுப்படி வேலை எதற்கு?" என்று இளைஞர் டோகென் கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டு, சாதனை என்றால் என்னவென்று உனக்கு இன்னும் புரியவில்லை தம்பி என்கிற தோரணையில் பதில் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

நம் வீட்டு அடுப்படியில் நாற்பது வருஷமாக நிற்பவருக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

டோகென் ஆறு சுவை சொல்கிறார். கசப்பு, புளிப்பு, இனிப்பு, காரம், உப்பு... ஆறாவது? சித்த மருத்துவத்தில் நாம் துவர்ப்பு என்போம். மண்ணும் காற்றும் சேர்ந்து பிறப்பது அது. அவர் துவர்ப்பைச் சொல்லவில்லை. 'மிதமான, வெறுமையான சுவை' என்கிறார்! உப்பும் புளியும் தூக்கலாக இல்லாமல், பொருளின் சொந்தச் சுவை தெரியும் நிலை. யுதோஃபு முதல் வாயில் ஏமாற்றுவது இதனால்தான். ஒரு சுவையே இல்லாததுபோல் இருப்பதையும் சுவை என்று கணக்கில் சேர்த்த துணிச்சலை நான் ரசிக்கிறேன். ஆனாலும் ஒரு சித்த மருத்துவனாகத் துவர்ப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. வாழைப்பூவும் மாதுளம் ஓடும் செய்கிற வேலையை அது செய்யாது.

ஸென் மடங்களில் சாப்பிடுமுன் ஐந்து நினைவுகளைச் சொல்கிறார்கள். இந்த உணவு எத்தனை பேர் உழைப்பில் வந்தது என்பது முதலாவது. உடல் வாடாமல் காக்கும் மருந்தாக இதை ஏற்கிறேன் என்பது நான்காவது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு முள்ளங்கி ஊறுகாய்த் துண்டால் கிண்ணத்தை வழித்து, வெந்நீர் விட்டுக் கழுவி, அதையும் குடித்துவிடுகிறார்கள். பருக்கை மிஞ்சாது.

மீன் ஒளிந்திருக்கும் இடம்

இப்போது முக்கியமான சங்கதி. ஜப்பானியச் சமையலின் உயிர் 'தாஷி' என்ற சாறு. சாதாரணக் கடைகளில் இதைக் காய்ந்த சூரைமீன் சீவலில் தயாரிப்பார்கள். கண்ணுக்கு வெறும் காய் சூப், உள்ளே மீன்! "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் துண்டு மட்டும்தான் போகும். "தாஷியிலும் மீன் கூடாது" என்று கைடை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யுதோஃபுவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸிலும் கலந்திருக்கலாம், கேளுங்கள். முறையான ஷோஜினில் கொம்புவும் உலர்ந்த ஷிட்டாகே காளானும்தான் சாறு. கொம்புவின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் 1908-ல் கிகுனே இகெதா என்ற விஞ்ஞானி குளூட்டமேட்டைக் கண்டுபிடித்து, 'உமாமி' என்று பெயர் வைத்தார். அவரும் கியோட்டோவில் பிறந்தவர்தான்.

அந்தக் கொம்புவில் அயோடின் ஏராளம். நமக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம். ஒரு கிராம் உலர்ந்த கொம்புவிலேயே 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி சாற்றில் இறங்கிவிடும். ஒரு நாள் விருந்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் "உடம்புக்கு நல்லது" என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்து தினமும் சாம்பாரில் போடுகிறார்களே, தைராய்டு உள்ளவர்களுக்கு அது வினை. தைராய்டு மாத்திரையை வழக்கம்போல் விடிகாலை வெறும் வயிற்றில் போட்டுவிடுங்கள். டோஃபுவோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை சரியாகச் சேராது.

பிரஷர் உள்ளவர்களே, ஜப்பானியர் ஆரோக்கியமானவர்கள் என்று நினைத்து சோயா சாஸை ஊற்றிக்கொள்ளாதீர்கள். அவர்கள் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அவர்கள் அரசாங்கமே குறைக்கச் சொல்லிப் போராடுகிறது. டோஃபுவின் ஓரத்தை மட்டும் சாஸில் தொடுங்கள். மிசோ சூப்பில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சாறைப் பாதி வைத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'நட்டோ' என்ற நொதித்த சோயாவைத் தொடவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்த நாளில் உண்மையான ஆபத்து வேறு. காலையிலிருந்து படி ஏறி இறங்கியிருப்பீர்கள். சாப்பாட்டில் சோறு கொஞ்சம்தான், டோஃபுவே அதிகம். மத்தியானம் 2 மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் அது களைப்பு இல்லை, சர்க்கரை இறங்குகிறது! குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும், ஹோட்டலில் விட்ட பெட்டியில் அல்ல. நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம் அங்கே. ஊசி நேரத்தை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். மருந்துகளை டாக்டர் சீட்டோடு, ஒரு மாதத்துக்கு மிகாமல், கம்பெனி அட்டையோடு எடுத்துப் போங்கள். கோடீன், சூடோஎஃபிட்ரின் கலந்த இருமல், சளி மருந்துகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. பெயர் தெரியாத சூரணப் பொட்டலங்களும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக நிஷிகி அங்காடி. நானூறு மீட்டர்கூட இல்லாத ஒடுக்கமான சந்தில் நூற்றுக்கு மேல் கடைகள். கத்தரிக்காயைச் சிவப்பு ஷிசோ இலையோடு ஊறவைத்த 'ஷிபாசுகே', தவிட்டில் புதைத்து எடுத்த காய்கள் எல்லாம் பீப்பாயோடு இருக்கும். தவிட்டு ஊறுகாயைக் கண்டால் ஒரு துண்டு ருசி பாருங்கள். தீட்டிய வெள்ளைச் சோறு தின்று ஜப்பானில் பெரிபெரி நோயில் எத்தனையோ பேர் மாண்டார்கள். 1910-ல் உமெதாரோ சுசூகி அரிசித் தவிட்டிலிருந்துதான் அதற்கான சத்தைப் பிரித்தெடுத்தார். அதைத்தான் நாம் பி1 என்கிறோம். தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு பி1 மாத்திரை வாங்குவது நம் ஊர் வழக்கம்!

இங்கே வாங்க வேண்டிய பொருள் என்று கேட்டால் நான் 'குசு' மாவைச் சொல்வேன். கோமா டோஃபுவை இறுக்குவது இதுதான். இதன் கிழங்குதான் அவர்கள் மரபு மருத்துவமான காம்போவில் ஜலதோஷத்துக்குக் கொடுக்கும் 'கக்கோன்டோ'வின் முதல் சரக்கு; கூடவே நம் அதிமதுரம், இஞ்சி, பட்டை வகையும் சேரும். சுத்தமான குசு விலை அதிகம். மலிவாகக் கிடைப்பதில் வேறு கிழங்கு மாவு கலந்திருக்கும், கைடை விட்டு லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கண்ணாடி போலத் தெளியும்வரை கிண்டுங்கள். இஞ்சிச் சாறு நாலு சொட்டு விட்டுச் சூடாகக் குடித்தால் வயிற்றுக்கு இதம். சர்க்கரை சேர்க்காதீர்கள், அதுவே மாவுச்சத்துதான். தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கூவைக்கிழங்கு மாவு கேளுங்கள், இதே பக்குவத்தில் காய்ச்சலாம்.