மகன் ரேஸ் ஓட்டினால் வழக்கு யார் மீது?

கேள்வி: நாங்கள் எலவனாசூர்கோட்டையில் இருக்கிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பைக் அவர் பெயரில் உள்ளது. பிளஸ் டூ படிக்கும் என் 17 வயது மகன், ஞாயிறு அதிகாலை அதை எடுத்துப்போய் சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் 19 வயது நண்பனோடு ரேஸ் விட்டிருக்கிறான். சைக்கிளில் பால் கொண்டுபோன பெரியவர் மிரண்டு விழுந்ததில் முழங்கையில் காயம். சைலன்சரையும் மாற்றியிருந்தானாம். வண்டி இப்போது ஸ்டேஷனில் நிற்கிறது. ஃபைன் கட்டினால் முடிந்துவிடும் என்கிறார்கள். முடியுமா?
- ஒரு வாசகி

பதில்: முடியாதம்மா. ரேஸுக்கும் சைலன்சருக்கும் அபராதத்தோடு முடிக்க வழியுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஓராண்டு, 10,000 ரூபாய். பந்தயப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை.

உங்களுக்குச் சிக்கல் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுதான். 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. இது சலான் கட்டி முடிக்கக்கூடிய குற்றமல்ல.

உங்கள் சம்மதத்தோடுதான் வண்டியை எடுத்தான் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்கு அது ஓரளவு எளிது. சாவி கூடத்து ஆணியில் தொங்கியிருந்தால், வீட்டில் இருக்கும் உங்களுக்குக் கடினம்.

மகன் மீதான வழக்கை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். நண்பனுக்கு வழக்கமான நீதிமன்றம்தான்; அங்கும் லேசாக விட்டுவிட மாட்டார்கள். சென்னை அண்ணா சாலையில் பைக் சாகசம் செய்த இளைஞரை, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் உதவிப் பணி செய்யும்படி 2022-இல் ஜாமீன் நிபந்தனை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். 2023-இல் காஞ்சிபுரம் அருகே விபத்தில் சிக்கிய யூடியூபரின் லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது.

காயமடைந்தவரை மறந்துவிடாதீர்கள். கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, காயத்துக்கு 125 என வழக்கு கூடும். அவர் இழப்பீடு கேட்டால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியதைக் காட்டி, இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த பணத்தை உங்கள் கணவரிடமே திருப்பி வசூலிக்கலாம். மருத்துவச் செலவை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வண்டியை மீட்க, ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் நகலோடு உரிய நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கணவர் வர முடியாவிட்டால் சிங்கப்பூரிலுள்ள இந்திய ஹை கமிஷனில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பட்டும். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியிருக்கிறது. பழைய சைலன்சரைப் பொருத்தித் தருவதாக மனுவிலேயே உறுதி கொடுங்கள்.

மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைக்கு லைசென்ஸ் வரும்வரை சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நாளை வழக்கு வந்தால் உங்கள் பக்கம் பேசுவது அந்தப் பூட்டு ஒன்றுதான்.