சொல்லாததைச் சொல்லும் கவிதை



வன்னி மக்கள் துன்பத்தை மனத்துள்ளே அடக்கிப் பழகியவர்கள். புளியங்குளம் சந்தியிலே பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவரிடம் சுகம் விசாரித்தால், "ஏதோ இருக்கிறம்" என்பார். அந்த 'ஏதோ'வுக்குள் மறைந்து கிடப்பவை எத்தனை! அவற்றை உள்ளபடி வெளியே கொணரக் கவிதை ஒரு நல்ல வழி. பரிசுக்காகவோ அச்சேறுவதற்காகவோ எழுதும் கவிதையன்று. தனக்கென்று ஒரு கொப்பியில் எழுதும் கவிதை.

இதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இதே வவுனியா மாவட்டத்தின் சேமமடுக் கிராமத்தவர் கவிஞர் செல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். 'தோழி' என்னும் சஞ்சிகையை வெளியிட்டவர். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் ஒரு கவிதைத் தொகுதியை வெளியிட்டது. அத்தொகுதியின் பெயரே 'சொல்லாத சேதிகள்'. வீட்டிலும் வெளியிலும் பேச இடமில்லாதவற்றைப் பெண்கள் அதிலே தம் சொந்தக் குரலில் கூறினர். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் செல்வியைப் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பி வரவேயில்லை. 1992இல் ரொட்டர்டாம் நகரின் சர்வதேசக் கவிதை விருது அவருக்கு அளிக்கப்பட்டபோது, அதைப் பெற அவரால் வர முடியவில்லை.

நாம் எழுதத் தொடங்கும்போது மனத்திற் கொள்ளவேண்டியவை மூன்று.

முதலாவது, கண்டதை எழுதுதல். 'என் இதயம் சோகக் கடலில் மூழ்கியது' என்பதை யாரும் எழுதலாம். 'அண்ணாவின் சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது. அம்மா இன்னும் அதைத் துடைக்கிறா' என்பதை அந்த வீட்டுப் பிள்ளை மட்டுமே எழுத முடியும். அலங்காரச் சொற்கள் பல வேளைகளில் உணர்ச்சியை மூடிவிடுகின்றன.

இரண்டாவது, வலிந்து ஆறுதல் சேர்க்காதிருத்தல். இறந்தவர்மீது அன்போடு கோபமும் இருக்கலாம். உயிர் தப்பியவர் மனத்திலே வெட்கம் இருக்கலாம். இவற்றை மறைத்து, இறுதி வரியில் நம்பிக்கையை ஒட்டவைப்பது நேர்மையாகாது. வேதாகமத்தின் 88ஆம் திருப்பாடலைப் பாருங்கள். ஆறுதல் எதுவுமின்றி இருளோடே அது முடிகிறது. அந்த முறையீடும் செபமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு என்பதை உணர்தல். எழுதியதை எவருக்கும் காட்டவேண்டிய கடமையில்லை. பிறருடைய இரகசியம் அதில் இருந்தால் மேலும் கவனம் வேண்டும். ஆனால் தாங்கமுடியாத பாரமென்று கண்டால், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். கொப்பி கேட்கும், மறுமொழி சொல்லாது.

இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் ஐந்தே வரிகள் எழுதிப் பாருங்கள். எதுகை, மோனை தேடி மினக்கெட வேண்டாம். அந்த 'ஏதோ' என்னவென்று மட்டும் எழுதுங்கள்.