சாரலுக்கு முந்தி முடிக்க வேண்டியவை

தங்கச்சி,

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் வருஷம் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்ச் சொந்தங்கள் நினைத்துக்கொள்வார்கள். பங்குனி பாதி கடந்தால் அருவி வெறும் பாறையாக நிற்கும், சிற்றாற்றில் மணல்தான் தெரியும் என்பது மேலகரத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். மற்ற ஊர்களில் அடிக்கிற வெயில்தான் நமக்கும். ஒரே ஒரு வித்தியாசம், நம் வெயிலுக்குக் கெடு உண்டு. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டுவிடும். சாரல் விழ ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் பாவாடை நாடா கூட ஒழுங்காகக் காயாது. அதனால் இந்த வெயிலைத் திட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்காதே. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழாக் கொடி ஏறியதிலிருந்து வைகாசி முடிய உனக்கு இருப்பது ஏறக்குறைய ஒன்பது பத்து வாரம். வீடும் புறவாசலும் இந்த வருஷம்தான் உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எதை எப்போது முடிக்கவேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் கிணறு

தண்ணீர் அடிக்கு இறங்கும் சித்திரைக் கடைசியில்தான் தூர் வார முடியும். மழை வந்தபிறகு ஆளைக் கூப்பிட்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கும். அந்த வாரத்துக்கு முன்பே ஆளிடம் சொல்லி வைத்துவிடு, ஊரில் எல்லாருக்கும் அதே நேரத்தில்தான் ஆள் தேவைப்படும்.

ஒன்றை மட்டும் விடாப்பிடியாகச் செய். வெகுநாள் புழங்காத, ஆழமான கிணற்றில் கெட்ட காற்று அடியில் தங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, பல சமயம் வாடையும் இருக்காது. ஆள் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் விடச் சொல். விளக்கு மங்கினாலோ அணைந்தாலோ அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. நன்றாக எரிந்தாலும் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே குறைந்தது இரண்டு ஆள். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர் போகிறது. கயிற்றை இழு, தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடி. கூலி பேசும்போதே இதையெல்லாம் பேசிவிடு. "அதெல்லாம் பார்த்துக்கலாம்க்கா" என்று சொல்கிற ஆளுக்கு வேலை கொடுக்காதே.

வாரிய சேற்றை வாருகாலில் தள்ளாதே. ஓரமாகக் குவித்துக் காயவிட்டு, உடைத்து, வாழைக்குப் போடு. ஊற்று தெளிந்ததும் பிளீச்சிங் பவுடர் போடவேண்டும். அதைக் கண்ணளவில் கொட்டாதே, கணக்கு இருக்கிறது. கிணற்றின் அகலத்தை மீட்டரில் அள. அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தால் பெருக்கி, பிறகு 3.14ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். அகலம் 3 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 14,000 லிட்டர். 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 2.5 கிராம் வீதம் 35 கிராம் போதும். பவுடர் புதிதாக, காரமான வாடையோடு இருக்கவேண்டும். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் இறக்கி வாளியாலேயே கலக்கு. ஒரு மணி நேரமாவது தொடாதே. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது இன்னும் நல்லது.

தென்னைக்குத் தூரில் ஊற்றாதே

தென்னை தண்ணீர் குடிப்பது தூரில் இல்லை. தூரைச் சுற்றிலும் சுமார் 1.8 மீட்டர் தூரம் வரை பரவியிருக்கும் வேரில்தான் குடிக்கும். அந்த வட்டம் முழுக்கப் பாத்தி கட்டு. தேங்காய் உரித்த கதம்பையைக் காசுக்கு விற்காமல் சேர்த்து வை. மரத்துக்கு நூறு கதம்பை, குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க, முதுகு மேலே தெரிய, வட்டம் முழுக்கப் பரப்பிவிடு. கதம்பை இல்லையா, காய்ந்த ஓலையைத் துண்டு போட்டுப் பரப்பு. சாயங்காலம் வெயில் தாழ ஊற்றிய தண்ணீர் மறுநாள் மத்தியானமும் அடியில் ஈரமாக இருக்கும், கையை விட்டுப் பார். சித்திரையில் குரும்பை கொட்டுவதைப் பார்த்துப் பயந்து உரத்தை அள்ளிப் போடாதே. ஈரம் இல்லாத மண்ணில் உரம் வேரைத்தான் சுடும்.

போன மழையில் வைத்த எலுமிச்சை, மாங்கன்றுகளுக்கு ஆளுக்கு ஒரு மண்பானை. அடியில் சின்னத் துளை, அதில் பழந்துணித் திரி, கன்றுக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்துவரை புதைத்து, வாயைச் சிரட்டையால் மூடு. மூடாவிட்டால் கொசு முட்டையிடும். அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் வாழைக்கும் சேம்புக்கும் வாருகால் வெட்டி விடு. கீரைப் பாத்திக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

பக்கத்துக் குளத்தில் வண்டல் அள்ளும் காலமும் இதுதான். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் மண் இலவசம், வண்டி வாடகைதான் செலவு.

தொழுவும் கோழியும்

கறவை மாடு கோடையில் ஒரு நாளைக்கு 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி காட்டிவிட்டுப் பால் குறைகிறது என்று வருத்தப்படக் கூடாது. தொட்டி நிழலில் இருக்கட்டும், எந்நேரமும் தண்ணீர் நிற்கட்டும். வைக்கோலை ராத்திரிக்குப் போடு. நார்த்தீவனம் வயிற்றில் செரிக்கும்போது சூடு கிளம்பும், மத்தியானம் போட்டால் வெளிச்சூடும் உள்சூடும் சேர்ந்து மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பசுந்தீவனம் காலையில், மேய்ச்சல் பத்து மணிக்குள், பிறகு நாலு மணிக்கு மேல். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே தென்னங்கிடுகைப் பரப்பிக் கட்டு. தாது உப்பைத் தீவனத்தில் மறக்காதே.

கோழிக்குக் கூண்டின் மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிடு, ஆனால் காற்றை அடைக்காதே. தீவனம் விடியக் கருக்கலிலும் பொழுது சாயவும்தான். முட்டையைக் காலையும் மாலையும் எடுத்துவிடு. இந்தச் சூட்டில் கருமுட்டை அடையில் வைக்காமலே வளரத் தொடங்கிப் பாதியில் கெட்டுப்போகும். வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடைத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. அதைத் தவறவிட்டிருந்தால் இப்போதே கால்நடை மருந்தகத்தில் கேள், ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்ட பிறகு ஓடிப் பயனில்லை.

மொட்டைமாடி

எனக்கு இந்தக் காலத்தில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான். ஒரு வருஷத்துச் சமையலுக்கு வேண்டிய பாதி இந்த மாடியில்தான் காயும்.

கூழ்வத்தலுக்கு ஒரு பங்கு அரிசிமாவுக்கு ஐந்தாறு பங்கு தண்ணீர். முதல் நாள் ராத்திரியே பச்சைமிளகாயும் உப்பும் அரைத்து வைத்துக்கொள். உப்பு, வாயில் வைத்தால் கொஞ்சம் குறைகிறதே என்று தோன்றுகிற அளவில் இருக்கட்டும். காய்ந்து சுருங்கியதும் அது சரியாக நிற்கும், கூழிலேயே சரியாக இருந்தால் பொரித்தபின் கரிக்கும். கருக்கலில் எழுந்து அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் கிண்டு. மாவின் வெள்ளை மாறிக் கண்ணாடி போலப் பளபளத்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. இறக்கிச் சூடு குறைந்தபின் எலுமிச்சைச் சாறு பிழி. புளியங்குடிப் பழம் என்றால் சாறு நிறைய இருக்கும். பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு முனையிலும் கல் வைத்து, வெயில் ஏறுமுன் கரண்டியால் ஊற்றி முடித்துவிடு. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரியும். அப்புறம் சுளகில் போட்டு மூன்று நாலு நாள் காயட்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஒடிந்தால் டப்பாவுக்குத் தயார்.

மோர்மிளகாய்க்குக் குட்டை மிளகாயாகப் பார்த்து, காம்பை விட்டுவைத்துக் கீறு. பகலில் வெயில், ராத்திரி திரும்ப உப்புமோருக்குள். மோர் வற்றும்வரை இப்படியே. சீனியவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி வத்தலும் இதே வாரங்களில் போட்டுவிடு.

புளி இந்த மாதங்களில் வாங்கினால்தான் விலையும் தோதாக இருக்கும். ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, ஆறியபின் மண்பானையில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று அமுக்கி அடை. சூட்டோடு அடைத்தால் வியர்த்துப் பூச்சி வைக்கும்.

கொப்பரைதான் கவனமாகச் செய்யவேண்டியது. தேங்காயை உடைத்துத் தண்ணீரைக் கொட்டி, வாய் மேலே பார்க்க வெயிலில் வை. இரண்டு மூன்று நாளில் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்று வரும். பருப்பை மட்டும் மேலும் மூன்று நாலு நாள் உலர்த்து. பனி படாமல் பொழுது சாய மூடிவிடு. ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் பிடித்த துண்டைத் துடைத்துச் சேர்க்காதே, தூர எறி. அந்தப் பூசணத்தின் நஞ்சு எண்ணெயிலும் வரும், ஈரலுக்குக் கேடு. அடுத்த வருஷம் வரைக்கும் வீட்டு எண்ணெய்க்கு இது போதும், செக்கில் ஆட்டும்போது பக்கத்தில் நின்று ஆட்டி வாங்கு.

மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் உடனே மாடியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கு. இடி கேட்டபிறகு மாடிக்குப் போகாதே, வத்தல் நனைந்தால் நனையட்டும். மலையில் பெய்வது நமக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அதுவும் கோடைதான். பிள்ளைகள் அருவிக்குப் போகிறேன் என்று கேட்டால் வானத்தைப் பார்க்காமல் அனுப்பாதே.

உன் உடம்பு

வெளிவேலை பத்து மணிக்குள், பிறகு நாலரைக்கு மேல். இடையில் வீட்டுக்குள் செய்கிற வேலை மட்டும். காலையில் நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்துவிட்டு இறங்கு. பதநீர் கிடைத்தால் காலையிலேயே குடி, வெயிலேறிப் புளித்ததை வாங்காதே. தலை சுற்றல், வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வயதானவர்களுக்குத் தாகமே தெரியாது. உன் மாமியாரிடம் "தண்ணி வேணுமா" என்று கேட்காதே, கையில் கொடுத்துக் குடிக்கவை. உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே 108 கூப்பிடு.

தண்ணீர்ப் பானை அடியிலும் விறகடுக்கிலும் குளுமை தேடிப் பாம்பும் தேளும் வரும். ராத்திரி கிணற்றடிக்கு டார்ச் இல்லாமல் போகாதே. பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை.

வைகாசி கடைசியில்

இங்கே மழைக்கு முன்னே வருவது காற்று. குலை தள்ளிய வாழைக்கெல்லாம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடு, காற்று வரும் மேற்குப் பக்கத்தைப் பார்த்துக் கட்டு. மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டுக் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடு. ஓட்டுவீடு என்றால் உடைந்த ஓடு மாற்றவேண்டும், விறகும் வறட்டியும் தாழ்வாரத்துக்கு ஏறவேண்டும், கொடிக்கயிற்றை உள்திண்ணைக்கு மாற்றவேண்டும்.

கடைசி நல்ல வெயிலில் ஆடிப்பட்டத்து விதையை ஒரு தடவை காட்டி, நிழலில் ஆறவைத்து, சாம்பல் கலந்து சிரட்டை மூடிபோட்ட கலயத்தில் வை. அவரை விதையும் வெண்டை விதையும் என்னிடம் இருக்கிறது, தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாட்டுப் பீர்க்கை உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது முற்றவிட்டிருந்தால் எனக்கும் ஒரு கை விதை கேட்டு வாங்கி வை.