சாறும் சாறெடுக்கும் வழியும்

மஞ்சள் பொடியை நீரிலிட்டால் சிறிது நேரத்தில் அது அடியில் தங்கிவிடுகிறது. அதே பொடியைச் சூடான எண்ணெயிலிட்டால் எண்ணெய் முழுவதும் பொன்னிறம் பெறுகிறது. ஒரு பொருள் தன் இயல்பை ஒத்த நீர்மத்திலேயே எளிதில் கரையும் என்னும் வேதியியல் விதியை நம் அடுக்களை நாள்தோறும் மெய்ப்பித்து வருகிறது. கரைக்கும் நீர்மத்தைக் கரைப்பான் என்கிறோம். உணவுத் தாவரங்களிலுள்ள நற்பொருள்களைப் பிரித்தெடுக்க எக்கரைப்பான் தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட வழிகள்

சித்த மருத்துவம் வகுத்த மருந்து வகைகளை நோக்கினால், அவற்றுள் பல கரைப்பானின் அடிப்படையில் அமைந்திருத்தல் புலனாகும். நீரில் காய்ச்சி இறக்குவது குடிநீர். எண்ணெயில் காய்ச்சுவது தைலம். நெய்யில் காய்ச்சுவது நெய் மருந்து. வாலையிலிட்டு வடிப்பது தீநீர். வாலை வடிப்பை அரபு நாட்டு வேதியியலார் பெரிதும் வளர்த்தனர். அவர்கள் அக்கருவிக்கு வழங்கிய 'அல்-அன்பீக்' என்னும் பெயரே ஐரோப்பிய மொழிகளில் 'அலெம்பிக்' ஆயிற்று. பன்னீர் வடிக்கும் கலையும் அவர்களிடம் சிறந்தோங்கியது. இவ்வழிகள் அனைத்திலும் பயன்பட்டவை நீர், எண்ணெய், நெய் முதலிய உண்ணத்தகும் பொருள்களே என்பது கருதத்தக்கது.

தொழிற்சாலைக் கரைப்பான்கள்

தொழில் பெருகியபோது நிலைமை மாறிற்று. குறைந்த செலவில், விரைவாக, மிகுந்த அளவில் சாறெடுக்க வேண்டியதாயிற்று. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஹெக்சேன் இதற்கு ஏற்றதாக அமைந்தது. அது கொழுப்பை நன்கு கரைக்கும். ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடுவதால் சாற்றிலிருந்து பிரித்தலும் எளிது. எண்ணெய் வித்துகளிலிருந்து எண்ணெய் எடுக்க இன்றும் அது பெருமளவில் பயன்படுகிறது.

ஆயினும் ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. அதன் ஆவியை நெடுநாள் சுவாசிப்போரின் கைகால் நரம்புகள் கெடும். 1960-களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் பசையிலிருந்து எழுந்த ஹெக்சேன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் கைகால் மரத்துத் தளர்ந்தமை மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளது. உணவில் எஞ்சும் அளவுக்குச் சட்டங்கள் வரம்பு விதித்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணெய்க்கு அவ்வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். எனவே உண்பவரைக் காக்கும் ஏற்பாடு ஓரளவு உண்டு. ஆனால் கரைப்பானின் தீங்கை முதலில் ஏற்பவர் உண்பவரல்லர். கொப்பரையருகே நிற்கும் உழைப்பாளியே ஆவார்.

காப்பி கற்பித்த பாடம்

காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்கும் முயற்சியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரெமன் நகர வணிகர் லுட்விக் ரோசேலியுஸ், கொட்டையை நீராவியில் ஊறச்செய்து பென்சீனால் காஃபீனை நீக்கினார். பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன் இடத்திற்கு வந்த மெத்திலீன் குளோரைடும் ஐயத்திற்கு உள்ளாயிற்று.

1967-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் குர்ட் சோசல் என்னும் அறிஞர் புதுவழி கண்டார். கரியமில வாயுவை 31 பாகை செல்சியசுக்கு மேல் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 73 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திற்கு உட்படுத்தினால், அது வாயுவாகவும் இராது, நீர்மமாகவும் இராது; வாயுவைப் போல் நுண்துளைகளில் ஊடுருவும், நீர்மத்தைப் போல் கரைக்கும். இந்நிலையை மாறுநிலை கடந்த நிலை என்பர். ஈரமூட்டிய கொட்டைகளின் வழியே இதனைச் செலுத்தியபோது காஃபீன் கரைந்து வெளிவந்தது. அழுத்தத்தைக் குறைத்தால் கரியமில வாயு தானே பிரிந்துவிடும். உணவில் நச்செச்சம் இராது. அவ்வாயுவைச் சேகரித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

பசுமைக் கரைப்பான்கள்

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகிய இருவரும் பசுமை வேதியியலுக்குப் பன்னிரண்டு கோட்பாடுகளை வகுத்தனர். தீங்கற்ற கரைப்பான்களையே கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஐந்தாவது. ஆயினும் எல்லாப் பொருளுக்கும் ஏற்ற ஒரே கரைப்பான் இல்லை. மஞ்சளையே சான்றாகக் கொள்வோம். கரியமில வாயு மஞ்சளின் நறுமண எண்ணெயை நன்கு எடுக்கும். நிறம் தரும் குர்க்குமினை அரிதாகவே எடுக்கும். குர்க்குமினுக்கு எத்தனாலோ எத்தில் அசிட்டேட்டோ தேவைப்படுகிறது. எத்தில் அசிட்டேட் கனிகளின் மணத்திலும் இயற்கையாக உள்ள பொருளாகும்.

நீரும் வியப்பூட்டும் கரைப்பானே. அழுத்தம் தந்து ஆவியாகாமல் காத்து 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அதன் கரைக்கும் இயல்பு ஆல்கஹாலை ஒத்துவிடுகிறது. ஆனால் அவ்வெப்பம் மென்மையான சத்துகளை அழித்தலும் கூடும்.

2003-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஆபட் குழுவினர் மற்றொரு வழியைக் காட்டினர். 302 பாகையில் உருகும் கோலின் குளோரைடையும் 133 பாகையில் உருகும் யூரியாவையும் உரிய அளவில் கலந்தபோது, அக்கலவை 12 பாகையிலேயே உருகி நீர்மமாயிற்று. பின்னர் யூரியாவுக்கு மாற்றாகச் சர்க்கரை, எலுமிச்சை அமிலம், கிளிசரால் போன்ற உணவுப் பொருள்களைக் கொண்டும் இத்தகைய நீர்மங்களை ஆக்கினர். இவை தேன் போல் தடித்திருப்பதும் ஆவியாகாமையால் சாற்றிலிருந்து எளிதில் பிரிக்க இயலாமையும் குறைகளாகும்.

பசுமை என்னும் பெயர் மட்டும் போதாது. உயரழுத்தக் கலன்களுக்குப் பெருஞ்செலவும் மின்னாற்றலும் வேண்டும். எனவே மூலப்பொருள், ஆற்றல், கழிவு, தொழிலாளர் நலம் ஆகிய நான்கையும் ஒருங்கே கணக்கிட்டே ஒன்றைப் பசுமை எனல் தகும்.

நாம் கேட்க வேண்டிய வினா

எத்தனால் கரும்பாலைக் கழிவிலிருந்தும் பெறத்தக்கது. பசுமைக் கரைப்பான்களுள் முன்னிற்பது. ஆயினும் மதுவை விலக்கி வாழும் நம் சமுதாயத்தார்க்கு இங்கு வினா எழுதல் இயல்பே. மார்க்கத் தீர்ப்பை உரைத்தல் மார்க்க அறிஞர்தம் பணி. எது பயன்பட்டது, எவ்வளவு எஞ்சியது, மாற்று உண்டா என்பவற்றை உரைத்தல் வேதியியலார் கடன். நீரும் கரியமில வாயுவும் சில சாறுகளுக்கு மாற்றாகின்றன. கிளிசராலும் மாற்றாகலாம், ஆனால் அது தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படுவதால் அதன் மூலத்தையும் வினவுதல் வேண்டும்.

சாறெடுக்கப் பயன்பட்டு நீக்கப்படும் கரைப்பானின் பெயரைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்னும் கட்டாயம் பல நாடுகளில் இல்லை. ஆதலின் அதை அறிய வினவுதலே வழி. மாணவர்கள் சத்து மாத்திரையையோ நறுமணச் சாற்றையோ காணுங்கால், அதில் உள்ளது யாது என்பதோடு நில்லாது, அது எதனால் எடுக்கப்பட்டது என்றும் கேட்பாராக. ஈட்டிய பொருள் நல்லதாயினும் ஈட்டிய வழியும் நல்லதா என நோக்குவது நம் சான்றோர் மரபு. சாற்றுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.